‘பேழை கிடைத்துவிட்டது’ என்று செய்தி வரும்போது

எங்கள் பெரியப்பாவுக்கு வயது 81. காலை ஜெபம் முடிந்ததும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வசனம் போடுவார். வருஷத்துக்கு மூன்று நான்கு தடவை வசனத்தோடு ஒரு வீடியோவும் வரும். வானத்திலிருந்து எடுத்த படம். பழுப்பு நிற மலைச்சரிவு, நடுவில் கவிழ்த்துப்போட்ட தோணி மாதிரி ஒரு மேடு. பெருவெள்ளத்தில் நோவாவின் குடும்பத்தைக் காத்ததாக வேதம் சொல்லும் மரக்கப்பல், அதாவது நோவாவின் பேழை, துருக்கியில் கிடைத்துவிட்டது, விஞ்ஞானிகள் வாயடைத்துப் போனார்கள் என்று ஒரு குரல் முழங்கும். கீழே பெரியப்பா, “வேதம் சத்தியம், பிள்ளைகளே” என்று எழுதியிருப்பார்.

நான் பாளையங்கோட்டையில் 22 வருஷமாக ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறேன். வேதம் சத்தியம் என்பதில் எனக்கும் பெரியப்பாவுக்கும் ஒரு சொல்கூட வித்தியாசம் கிடையாது. ஆனாலும் அந்த வீடியோவை நான் யாருக்கும் அனுப்புவதில்லை. ஒரு காலத்தில் அனுப்பினவள்தான். ஒரு மே மாத விடுமுறை வேதாகமப் பள்ளியில் அந்தப் படத்தைப் பெரிதாக பிரிண்ட் போட்டு, அட்டையில் ஒட்டி, அறுபது பிள்ளைகளுக்கு முன்னால் தூக்கிக் காட்டினேன். பின்வரிசையிலிருந்து ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் எழுந்து, “அக்கா, தோண்டிப் பாத்தாங்களா?” என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை. ராத்திரி உட்கார்ந்து தேடினேன். நான் பிறப்பதற்கு முன்பே தோண்டியிருந்தார்கள். மறுநாள் அதே பிள்ளைகள் முன்னால் நின்று, நேற்று நான் சொன்னது தவறு என்று சொன்னேன். பொய்ச்சாட்சி சொல்லாதே என்ற கட்டளையைப் பிள்ளைகளுக்கு மனப்பாடம் செய்ய வைக்கிறவள் வேறென்ன செய்ய முடியும்?

அன்றிலிருந்து இப்படிப்பட்ட செய்தி வந்தால் நான் என்ன செய்கிறேன் என்பதை எழுதுகிறேன். உங்கள் குழுவிலும் ஒரு பெரியப்பா இருப்பார்.

முதலில், அது எந்த இடம், எந்த வருஷம் என்று பிடியுங்கள். வீடியோ அதைச் சொல்லாது. ‘துருக்கி’ என்று மட்டும் சொல்லும், ‘சமீபத்தில்’ என்று சொல்லும். பெரியப்பா அனுப்பும் தோணி வடிவத்துக்கு துருபினார் என்று பெயர். துருக்கியின் கிழக்கு ஓரம், தோவுபயாசித் ஊருக்குப் பக்கம். பேழை தங்கிய இடமாகப் பலர் நினைக்கும் அரராத் சிகரத்திலிருந்து சுமார் 30 கிலோமீட்டர் தெற்கே. 1959ல் வானிலிருந்து எடுத்த படங்களில் துருக்கி ராணுவ அதிகாரி இல்ஹான் துருபினார் அதைக் கவனித்தார். 1960ல் ‘லைஃப்’ பத்திரிகையில் படம் வந்தது. அதே வருஷம் ஒரு குழு போய்த் தோண்டியது, வெடிவைத்தும் பார்த்தது. மண்ணும் கல்லும்தான் கிடைத்தன. ஆக, ‘சமீபத்தில்’ என்று வீடியோ சொல்வது அறுபது வருஷத்துக்கு மேற்பட்ட சங்கதி.

இடத்தின் பெயர் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. அதை வைத்து மற்றதைத் தேடிவிடலாம். 1977ல் ரான் வயட் என்ற அமெரிக்கர் அங்கே போனார். ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து கொடுக்கும் வேலை பார்த்தவர். தொல்லியல் படித்தவர் அல்ல. இதுதான் பேழை என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். அவரோடு சேர்ந்து அதையே நம்பியவர் டேவிட் ஃபாசோல்ட். கடலில் மூழ்கிய கப்பல்களை மீட்கும் தொழிலில் இருந்தவர். எனக்குப் பிடித்த ஆள் இவர்தான். அது பேழை என்று புத்தகமே எழுதியவர், பிறகு புவியியலாளர் லாரன்ஸ் காலின்ஸோடு சேர்ந்து 1996ல் ஒரு ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்: அது பேழை அல்ல, சேறும் பாறையும் சரிந்து உண்டான இயற்கை அமைப்பு, இரும்பு ஆணி என்று காட்டியவை பாறையில் ஊறிய இரும்புத் தாது. தான் ஊரறியச் சொன்னதை ஊரறியத் திருத்த ஒரு மனிதருக்கு எவ்வளவு தைரியம் வேண்டும் என்று எனக்குத் தெரியும்.

அடுத்து, அளவுகளைச் சொல்லி அசத்துவார்கள். வேதத்தில் பேழை 300 முழம், இந்த மேடும் அதே நீளம் என்பார்கள். எந்த முழம் என்று கேளுங்கள். எங்கள் ஆலய வாசலில் மல்லிகை விற்கும் அக்காவின் முழமும் மார்க்கெட் பூக்காரரின் முழமும் ஒன்றல்ல என்பது பூ வாங்குகிற எல்லோருக்கும் தெரியும். பழைய உலகத்திலும் அப்படித்தான். சாதாரண முழம் சுமார் 45 சென்டிமீட்டர். அந்தக் கணக்கில் பேழை 135 மீட்டர். எகிப்து அரண்மனை முழம் 52 சென்டிமீட்டருக்குச் சற்று மேலே. அதில் 157 மீட்டர். மேட்டை அளந்துவிட்டு, அதற்குப் பொருந்துகிற முழத்தைப் பிறகு எடுத்துக்கொண்டால் எதையும் பேழை ஆக்கிவிடலாம்.

மூன்றாவது கேள்வியைத்தான் ரொம்ப முக்கியமாக நினைக்கிறேன். பொருள் மண்ணிலிருந்து வந்ததா, கடையிலிருந்து வந்ததா? அனுமதி வாங்கி, குழி வெட்டி, எந்த அடுக்கில் எது கிடந்தது என்று எழுதிவைத்து எடுத்த பொருளுக்குப் பேச்சு உண்டு. புராதனப் பொருள் வியாபாரியிடம் வாங்கியது என்றால் அதன் வாயை யார் வேண்டுமானாலும் அசைக்கலாம். 2002 அக்டோபரில் இறந்தவரின் எலும்புகளை வைக்கும் பழங்காலச் சுண்ணாம்புக்கல் பெட்டி ஒன்று உலகத்தையே உலுக்கியது. அதன்மேல் அரமேய மொழியில், ‘யோசேப்பின் குமாரன், இயேசுவின் சகோதரன் யாக்கோபு’. வைத்திருந்தவர் ஓதெத் கோலான் என்ற சேகரிப்பாளர். அது எந்தக் கல்லறையிலிருந்து வந்தது என்று யாராலும் காட்ட முடியவில்லை. 2003ல் இஸ்ரேல் தொல்பொருள் துறை எழுத்து போலி என்றது. பெரிய வழக்கு நடந்தது. 2012 மார்ச்சில் நீதிபதி கோலானைப் போலிசெய்த குற்றத்திலிருந்து விடுவித்தார். ஆனால் இதனால் எழுத்து உண்மை என்று ஆகிவிடாது என்றும் தீர்ப்பிலேயே சொன்னார். ‘கோர்ட்டே சொல்லிவிட்டது’ என்று உங்களுக்கு வரும் செய்தியில் அந்தப் பின்பாதி இருக்காது.

ரான் வயட் 1982ல் எருசலேமில் உடன்படிக்கைப் பெட்டியையே, பத்துக் கட்டளைக் கற்பலகைகள் இருந்த அந்தப் பெட்டியையே, கண்டதாகச் சொன்னார். இயேசுவைச் சிலுவையில் அறைந்த கொல்கொதாவுக்கு அடியில், குகைக்குள். படம் எடுத்ததாகவும் அது தெளிவாக விழவில்லை என்றும் சொன்னார். வேறு யாரும் பார்க்கவில்லை. அவர் உரிமம் பெற்று எந்த அகழாய்வும் நடத்தியதில்லை என்று இஸ்ரேல் தொல்பொருள் துறையில் இருந்த ஜோ சியாஸ் தெளிவாகச் சொன்னார். 2010ல் ஹாங்காங் ஊழியக் குழு ஒன்று அரராத்தில் 4,000 மீட்டர் உயரத்தில் மர அறைகளைக் கண்டதாகவும், 99.9 சதவீதம் நிச்சயம் என்றும் அறிவித்தது. எந்த இடம் என்று மட்டும் சொல்லவில்லை. ஒருவர் மட்டுமே கண்டது, இடத்தைச் சொல்லமாட்டோம் என்பது: இந்த இரண்டில் ஒன்று இருந்தால் நான் அங்கேயே நிறுத்திவிடுவேன்.

‘கார்பன் சோதனையில் நிரூபணம்’ என்ற வரி வந்தால், எதைச் சோதித்தார்கள் என்று பாருங்கள். மரம் எப்போது செத்தது, தோல் எந்தக் காலத்து ஆட்டினுடையது என்றுதான் கார்பன் சொல்லும். அதன்மேல் எழுதின கை எந்தக் காலத்துக் கை என்று சொல்லாது. 2012ல் ‘இயேசுவின் மனைவி’ என்ற சொல் உள்ள பாப்பிரஸ் (பழங்கால நாணல் தாள்) துண்டை ஹார்வர்டு பேராசிரியர் கேரன் கிங் வெளியிட்டார். பாப்பிரஸ் பழசுதான். அதைக் கொடுத்தவரின் கதையை 2016ல் ஒரு பத்திரிகையாளர் தோண்டி எடுத்தபின், போலியாக இருக்கவே வாய்ப்பு அதிகம் என்று கேரன் கிங்கே ஒப்புக்கொண்டார். விசுவாசத்துக்கு எதிரான செய்தியையும் இதே கேள்விகளால்தான் சோதிக்க வேண்டும் என்பதற்காகவும் இதைச் சொல்கிறேன். வாஷிங்டன் வேதாகம அருங்காட்சியகத்தில் இருந்த 16 சவக்கடல் சுருள் (சவக்கடல் அருகே குகைகளில் கிடைத்த பழைய வேதப் பிரதிகள்) துண்டுகளும் போலி என்று 2020ல் தெரியவந்தது. பழைய தோல், அநேகமாகப் பழங்காலச் செருப்புத் தோல், அதன்மேல் புது மை. சோதனைக்குக் கொடுத்ததும் முடிவை வெளியிட்டதும் அந்த அருங்காட்சியகமேதான். அதை நான் பிள்ளைகளுக்கு ஒரு சாட்சியாகவே சொல்கிறேன்.

பழைய மரம்கூட வேண்டாம், அடுப்பு போதும் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. 1993ல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் நோவாவின் பேழை பற்றி இரண்டு மணி நேர நிகழ்ச்சி வந்தது. ஜார்ஜ் ஜம்மால் என்ற நடிகர் பேழையிலிருந்து எடுத்த மரத்துண்டு என்று ஒன்றைக் காட்டினார். பிறகு அவரே வெளியே சொன்னார்: துருக்கிக்குப் போனதே இல்லை, கலிபோர்னியாவில் ரயில் தண்டவாளத்துக்குப் பக்கத்தில் பொறுக்கிய கட்டை, வீட்டு அடுப்பில் சாஸ் ஊற்றி வேகவைத்தது. ஒளிபரப்புக்கு முன் யாரும் அந்தக் கட்டையைச் சோதனைக்கு அனுப்பவில்லை.

இத்தனையும் பார்த்தபிறகு வேதத்தைத் திறங்கள். உண்மையில் இதை முதலிலேயே செய்யலாம். ஆதியாகமம் 8:4 அரராத் என்னும் ‘மலைகள்’ என்று பன்மையில் சொல்கிறது. ஒரு சிகரத்தை அல்ல, ஒரு தேசத்தின் மலைநாட்டை. உடன்படிக்கைப் பெட்டியைப் பற்றி எரேமியா 3:16 சொல்வதை மெதுவாகப் படியுங்கள்: ஒரு நாள் வரும், அன்று ஜனங்கள் அந்தப் பெட்டியைப் பற்றிப் பேசவும் மாட்டார்கள், அது அவர்கள் நினைவிலும் வராது. பெட்டியைத் தேடுகிற ஒரு வீடியோவிலும் இந்த வசனத்தை நான் பார்த்ததில்லை.

இங்கே ஒரு வார்த்தை. எத்தியோப்பியாவில் அக்சும் நகரத்துச் சீயோன் மரியாள் ஆலயத்தில் பெட்டி இருப்பதாக அந்த ஊர்ச் சபை தலைமுறை தலைமுறையாக நம்புகிறது. ஒரே ஒரு துறவி காவல். வேறு யாரும் பார்ப்பதில்லை. அவர்கள் அதை உலகத்துக்கு நிரூபிக்கவும் வரவில்லை, கட்டணம் வாங்கிக் காட்டவும் இல்லை. அதைச் சுற்றி ஆராதித்து வாழ்கிறார்கள். அவர்களிடம் போய் ‘காட்டு’ என்று நான் கேட்கமாட்டேன். ‘கண்டுபிடித்துவிட்டோம், நம்புங்கள்’ என்று என்னிடம் வருகிறவரிடம்தான் கேட்பேன்.

கேள்வி கேட்டே பழகினால் மனசு வறண்டுபோகும் என்று சிலர் பயப்படுகிறார்கள். எனக்கு நடந்தது நேர்மாறு. 1979ல் எருசலேமின் இன்னோம் பள்ளத்தாக்கு ஓரம், கெத்தேப் இன்னோம் என்ற இடத்துக் கல்லறைகளை கபிரியேல் பர்க்காய் தோண்டினார். ஒரு கல்லறை அறையில் இரண்டு சின்ன வெள்ளிச் சுருள்கள் கிடைத்தன. சிகரெட் துண்டு அளவு. விரித்தால் உடைந்துவிடும் என்பதால் பிரிப்பதற்கே மூன்று வருஷம் ஆனது. பெரியதை விரித்தபோதும் பத்து சென்டிமீட்டர் நீளம் இல்லை. அதில் முடி அளவு மெல்லிய கீறல்களாக எழுத்து. எண்ணாகமம் ஆறாம் அதிகாரத்தின் ஆசீர்வாதம். கிறிஸ்துவுக்கு ஏறக்குறைய 600 வருஷம் முந்தியது. சவக்கடல் சுருள்களைவிடப் பல நூறு வருஷம் மூத்தது. யாரோ ஒருவர் அதைக் கழுத்தில் கட்டியிருந்திருக்க வேண்டும், நம் வீட்டுப் பிள்ளைக்குத் தாயத்து கட்டுவதுபோல.

“கர்த்தர் உன்னை ஆசீர்வதித்து, உன்னைக் காக்கக்கடவர்.” ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிவில் எங்கள் சேகரத்து ஐயர் (சபைப் போதகர்) கையை உயர்த்திச் சொல்லும் அதே வார்த்தை. அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. இதற்கு முழங்கும் குரலும் இல்லை, வாயடைத்துப்போன விஞ்ஞானியும் இல்லை. உண்மையாகக் கிடைத்தவை பெரும்பாலும் இப்படித்தான், சின்னதாக, சிதைந்து கிடக்கும். இயேசுவுக்கு மரணதண்டனை விதித்த பிலாத்துவின் பெயர் உள்ள கல் 1961ல் செசரியா அரங்கில் படிக்கல்லாகக் கிடந்தது. ‘தாவீதின் வீடு’, அதாவது தாவீது ராஜாவின் வம்சம், என்ற எழுத்துள்ள கல் 1993ல் வட இஸ்ரேலின் தேல் தாணில் சுவருக்குள் உடைந்த துண்டாக இருந்தது.

கடைசியாக, பெரியவர்களிடம் சொல்லும் முறை. குழுவில் எல்லோர் முன்னாலும் ‘இது ஃபேக்’ என்று போடாதீர்கள். அவர் வெட்கப்பட்டால் அதோடு காது மூடிவிடும். தனியாகப் போன் செய்யுங்கள். அவர் நம்பிக்கையைத் தொடாதீர்கள். இடம், வருஷம், யார் தோண்டினார்கள் என்பதை மட்டும் பேசுங்கள். வெறுங்கையோடும் போகாதீர்கள். ஒன்றை வாங்கிக்கொண்டால் அதைவிட நல்லதைக் கொடுக்க வேண்டும்.

நான் பெரியப்பாவுக்கு வெள்ளிச் சுருளின் கதையைச் சொன்னேன். பாதியில் பேச்சையே காணோம். லைன் கட்டாகிவிட்டதோ என்று, “பெரியப்பா?” என்றேன். “இருக்கேன்ம்மா,” என்றார். கொஞ்சம் கழித்து, “எந்த இடம்னு சொன்ன? யாரு தோண்டினா? இரு, பேனா எடுத்துக்கிடுதேன்.”