சென்சார் பெரிதானால் விலை ஏன் எகிறியது? பத்து எள் போட்டுப் பாருங்கள்

2002-இல் வந்த கேனான் 1டிஎஸ் கேமராவின் விலை சுமார் 8,000 டாலர். அடுத்த ஆண்டே அதே கம்பெனியின் 300டி 899 டாலருக்குக் கிடைத்தது. சென்சார் (ஒளியைப் படமாக்கும் சிலிக்கான் சில்லு) முன்னதில் 35.8 × 23.8 மி.மீ, பின்னதில் 22.7 × 15.1 மி.மீ. பரப்பு இரண்டரை மடங்குதான், விலை ஒன்பது மடங்கு! 1டிஎஸ்ஸின் உறுதியான பாடிக்கும் அதில் பங்கு உண்டு. சென்சாரின் பங்கை வீட்டிலேயே பார்த்துவிடலாம். ஒரு சார்ட் பேப்பர், பென்சில், ஸ்கேல், அட்டைத் துண்டு, 10 எள் போதும்.

படி 1: வட்டம். அன்றைய சென்சார்கள் 200 மி.மீ விட்டமுள்ள சிலிக்கான் வட்டில் அச்சாகின. அட்டையில் சரியாக 10 செ.மீ இடைவெளியில் இரண்டு ஓட்டை போட்டு, ஒன்றில் குண்டூசி, மற்றதில் பென்சில் வைத்துச் சுற்றுங்கள். நூல் வேண்டாம், இழுபட்டு வட்டம் கோணும். அதே மையத்தில் 9.7 செ.மீ ஆரத்தில் இன்னொரு வட்டம் போடுங்கள். ஓரத்து 3 மி.மீ வேலைக்கு ஆகாது என்று வைத்துக்கொள்வோம்.

படி 2: கட்டம். 36 × 24 மி.மீ பெட்டிகள், ஒவ்வொன்றும் சுமாராக ஒரு 1டிஎஸ் சென்சார். முதல் பெட்டியின் நடுப்புள்ளி வட்ட மையத்தில் இருக்க வேண்டும். பலரும் பெட்டியின் மூலையை மையத்தில் வைத்துத் தொடங்குவார்கள். அப்படிச் செய்தால் 20 பெட்டிதான் தேறும். சரியாக வைத்தால் மேலிருந்து 3, 3, 5, 5, 5, 3, 3 என 27. உள்வட்டத்துக்குள் எண்ணினால் மேல் வரிசையிலும் கீழ் வரிசையிலும் இரண்டிரண்டு போய் 23. சின்ன கேமராக்களின் 5.8 × 4.3 மி.மீ சென்சார் இதே வட்டத்தில் ஆயிரத்துக்கு மேல் அடங்கும்.

படி 3: எள். ஃபேனை அணைத்துவிடுங்கள். கடுகு உருண்டோடும், அதனால் எள்தான் சரி. பத்தையும் ஒரு முழ உயரத்திலிருந்து பரவலாகத் தூவுங்கள். ஒவ்வொரு எள்ளும் சிலிக்கான் வட்டில் வரும் ஒரு பழுது. அது விழுந்த பெட்டி குப்பைக்கு. பெரும்பாலும் 5, 6 பெட்டி போகும், அதாவது 23-இல் கால்வாசி. சின்ன சென்சாரில் அதே பத்து எள் அதிகபட்சம் பத்தைக் கெடுக்கும். நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. மீதமுள்ள நல்ல பெட்டிகள்தான் முழு வட்டின் செலவையும் சுமக்க வேண்டும். போதாக்குறைக்கு 36 மி.மீ அகலம் அச்சு இயந்திரத்தின் ஒரே வீச்சில் அடங்காது. பகுதி பகுதியாக ஒளியேற்றி இணைத்தார்கள், அந்த இணைப்பும் பிசகலாம்.

படி 4: உங்கள் கேமரா. கேமரா வந்த அட்டைப்பெட்டியில் ‘1/2.5 அங்குலம்’ என்றிருந்தால் அதை நம்பி அளக்காதீர்கள். அது பழைய வீடியோ குழாயின் வெளிவிட்டக் கணக்கு. லென்ஸில் உள்ள மி.மீ எண்ணையும் கையேட்டில் உள்ள ‘35 மி.மீ சமான’ எண்ணையும் எடுங்கள். கேனான் ஏ520-இல் 5.8-க்குச் சமானம் 35. 35 ÷ 5.8 = 6.03. பிறகு 36 × 24 பெட்டியின் மூலைவிட்டமான 43.3-ஐ இதால் வகுங்கள்: 43.3 ÷ 6.03 = 7.2 மி.மீ. இதுதான் சென்சாரின் மூலைவிட்டம். ஏ620-இல் 7.3-க்கு 35, அதனால் மூலைவிட்டம் 9 மி.மீ. பழையது வாங்கும்போது மெகாபிக்சலுக்கு முன்னால் இதைப் பாருங்கள்.

படி 5: சோதனை. மதுரை வண்டியூர் தெப்பக்குளத்தில் விளக்கு போட்டதும், கரைச் சுவரில் கேமராவை வையுங்கள். ஃபிளாஷ் அணைத்து, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 400, டைமரில் மைய மண்டபத்தை எடுங்கள். மானிட்டரில் 100% பெரிதாக்கி, மரங்களின் இருட்டில் மணல் தூவியதுபோல் புள்ளி புள்ளியாகத் தெரியும் பிசிறைப் பாருங்கள். சின்ன சென்சார் ஏ520-க்கும் பெரிய சென்சார் 300டி-க்கும் வித்தியாசம் அங்கேதான் தெரியும். ஏ520-க்கு 2 ஜிபிக்கு மேற்பட்ட கார்டு ஒத்துவராது, சாதாரண எஸ்டி கார்டே எடுத்துப் போங்கள்.