தொடர்ந்து கிடைக்கும் ஆதரவுக்கு ஆங்கிலத்தில் எப்படி நன்றி சொல்வது?

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் எங்கள் தோட்டத்துக் கோயில் திருவிழா முடிந்ததும், வருசா வருசம் அரிசியும் பணமும் தரும் கடைக்காரர்களுக்கு ஆங்கிலத்தில் நன்றிக் கடிதம் எழுதுவோம். இந்த முறை தம்பி ஒருவர் 'கன்டினியுவஸ் சப்போர்ட்' என்று தட்டி வைத்திருந்தார். இலக்கணப் பிழை இல்லை, ஆனால் கன்டினியுவஸ் என்றால் நடுவில் விடாமல் ஓடுவது, விடிய விடியக் கொட்டுகிற மழை மாதிரி. கடைக்காரர் அப்படியா கொடுக்கிறார்? முன்பும் கொடுத்தார், இப்போதும் கொடுக்கிறார், அதற்கு 'கன்டினியூட்' தான் சரி. 'தேங்க் யூ ஃபார் யுவர் கன்டினியூட் சப்போர்ட்' என்று அப்படியே எழுதுங்கள், கடிதத்தில் எல்லாருக்கும் பழகிய வாக்கியம் இதுதான்.

'கன்டினியுவல்' வேண்டாம். அது விட்டு விட்டுத் திரும்பத் திரும்ப நடப்பது, பெரும்பாலும் தொல்லையைச் சொல்லத்தான் வரும். பிள்ளைகளின் டியூஷனுக்கு மாதாமாதம் வருகிற, இன்னும் முடியாத உதவி என்றால் 'ஆன்கோயிங் சப்போர்ட்' பொருந்தும்.

அப்புறம், அம்மாவுக்கோ அண்ணனுக்கோ எழுதும்போது சப்போர்ட் என்ற சொல்லையே விட்டுவிடுங்கள், அதில் ஆபீஸ் வாடை அடிக்கும். 'யூ ஹேவ் ஆல்வேஸ் பீன் தேர் ஃபார் மீ' போதும்.