இணைசேரும் பருவம் இல்லாத நாள்களில் மானையும் மூஸையும் குரல் கொடுத்து அழைக்கும் முறை

வட அமெரிக்காவின் வடபகுதிகளில் வெண்வால் மானின் இணைசேரும் பருவம் நவம்பர் நடுவில் உச்சத்தை எட்டும். மான் குடும்பத்திலேயே மிகப் பெரிய விலங்கான மூஸுக்கோ செப்டம்பர் இறுதியும் அக்டோபர் தொடக்கமும்தான் அந்தக் காலம். அப்போது போட்டிக் குரலைக் கேட்டதும் ஆண் விலங்கு ஆவேசத்தோடு வரும். மற்ற நாள்களில் அதே உரத்த உறுமலைக் கொடுத்தால், சண்டையில் நாட்டமில்லாத விலங்கு ஓசைப்படாமல் விலகிவிடும். ஆகவே இங்கே தேவைப்படுவது துணை தேடும் மெல்லிய குரலே தவிர, சவால் அல்ல.

முதலில், உங்கள் பகுதியில் வேட்டைக்காலம் எது, எந்தக் கருவிக்கு அனுமதி உண்டு என்று பாருங்கள். மின்னணு ஒலிக்கருவிகளுக்குப் பல இடங்களில் தடை உண்டு.

அடுத்து, உட்காரும் இடம். குரல் கேட்ட மான் பெரும்பாலும் நேராக வராது. உங்கள் மேல் பட்ட காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமாகச் சுற்றிவந்து மோப்பம் பிடிக்கவே முயலும். எனவே அந்தப் பக்கம் உங்கள் கண்ணுக்குத் திறந்த வெளியாக இருக்கட்டும்.

இனி அழைப்பு. மானுக்குக் கவிழ்த்தால் கத்தும் சிறு டப்பாவே தொடக்கக்காரருக்கு எளிது: மேல்துளையைக் கட்டைவிரலால் அடைத்து, மெதுவாகச் சாய்த்து நிமிர்த்தினால் பிணைமானின் கத்தல் எழும். இரண்டு மூன்று முறை போதும். உறுமல் குழலை ஊதுவதானால், அதன் ஓசை வெளிவரும் முனையைச் சட்டைக் கைக்குள் வைத்து, ஒரு குறுகிய உறுமலோடு நிறுத்துங்கள். மான் உங்கள் பக்கமே வந்துகொண்டிருந்தால் வாயே திறக்கக்கூடாது. புதியவர்கள் காரியத்தைக் கெடுத்துக்கொள்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

மூஸுக்குக் குரலைவிட மற்ற ஓசைகள் நம்பத்தக்கவை என்பது என் கருத்து. விலங்கின் காய்ந்த தோள்பட்டை எலும்பால் புதரை உரசினால், ஆண் மூஸ் கொம்பைத் தேய்ப்பதுபோல் கேட்கும்; பருவத்துக்கு முந்தைய வாரங்களில் இது நன்றாக எடுபடும். பருவம் முடிந்தபின், களைத்துப்போய் மேய்ச்சலே கதியென்றிருக்கும் அந்த விலங்குக்கு ஒரு சுள்ளியை முறிக்கும் ஓசையும், தாழ்ந்த குரலில் பெண் மூஸின் ஒரு நீண்ட முனகலும் போதும்.

அழைத்து முடித்தபின் ஒரு மணி நேரமாவது அசையாமல் காத்திருங்கள். உங்கள் குரலை நம்பி வேறொரு வேட்டைக்காரரும் வரக்கூடும். உருவம் தெளிவாகத் தெரியாமல் ஓசையை வைத்துச் சுடவே கூடாது. எழுந்திருக்கும் முன் முதுகுப்பக்கத்தையும் மெல்லத் திரும்பிப் பாருங்கள். அத்தனை பெரிய மூஸ் ஒரு கிளைகூட முறியாமல் அங்கே வந்து நின்றிருக்கலாம்.