மனச்சோர்வு: வீட்டில் நடக்கும் தவறுகள்

மனநலப் பிரிவின் புறநோயாளி வரிசையில் முதன்முறையாக வந்து நிற்கும் குடும்பத்தைக் கையிலிருக்கும் பையை வைத்தே கண்டுபிடித்துவிடலாம். எண்டோஸ்கோப்பி, எக்கோ, தலை ஸ்கேன், இரண்டு ‘ஃபுல் செக்கப்’. எல்லாம் நார்மல். அந்தப் பையோடு வருகிறவர்கள் செய்யும் தவறுகளும் ஏறக்குறைய ஒரே அச்சில்தான் இருக்கும். துறைக்கு வந்த புதிதில் எங்களுக்கும் அவற்றில் பாதி பிடிபடவில்லை. ‘திட்டாதீர்கள், அன்பாக இருங்கள்’ என்பதை எல்லோரும் எழுதியாயிற்று, அதை விட்டுவிடுகிறோம்.

அழுத்தம் வேறு, சோர்வு வேறு

செய்திகளில் இரண்டுக்கும் ‘மன அழுத்தம்’ என்றே பெயர். அதனால் வீட்டில் இருப்பவர்கள் முதலில் காரணத்தைத் தேடுகிறார்கள். கடனா, காதலா, ஆபீசில் பிரச்சினையா? எதுவும் அகப்படாவிட்டால் நோயே இல்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். கடன் அடைந்ததும் இறங்குவது அழுத்தம். கடனெல்லாம் அடைந்து, பிள்ளைக்கு வேலையும் கிடைத்த பிறகு வந்து உட்காருகிற மனச்சோர்வு உண்டு. மருத்துவர் முதலில் பார்ப்பது நாள் கணக்கைத்தான். குறைந்தது 2 வாரம், ஏறக்குறைய தினமும், நாளின் பெரும்பகுதி மனம் கனத்திருக்க வேண்டும் அல்லது எதிலும் பிடிப்பில்லாமல் போயிருக்க வேண்டும். அதோடு தூக்கம், பசி, கவனம், உடல் அசதி, குற்ற உணர்ச்சி, சாவு நினைப்பு போன்றவற்றில் சிலவும் சேர்ந்திருக்க வேண்டும்.

இவர்களில் பலர் அழுவதே இல்லை. ‘தலை பாரம்’, ‘உடம்பு அடிச்சுப் போட்ட மாதிரி இருக்கு’, ‘நெஞ்சு படபடன்னு அடிக்குது’ என்றுதான் சொல்வார்கள். ஆண்களிடம் அது எரிச்சலாகவும் குடியாகவும் வெளிவரும். அந்தப் பையில் பெரும்பாலும் இல்லாத பரிசோதனைகள் மூன்று: தைராய்டுக்கான டிஎஸ்எச், ஹீமோகுளோபின், பி12. தைராய்டு குறைவு அச்சு அசலாக மனச்சோர்வு போலவே வந்து நிற்கும்.

‘சாயங்காலம் நல்லாத்தானே இருக்கான்’

இது நடிப்பு அல்ல, நோயின் கையெழுத்து. கடுமையான மனச்சோர்வில் விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே விழிப்பு தட்டிவிடும். பிறகு தூக்கம் வராது. காலைப் பொழுதுதான் மிக மோசமாக இருக்கும். பல் துலக்கக்கூட எழ முடியாது. பொழுது சாயச் சாய மனம் கொஞ்சம் லேசாகும், ஒரு தோசை கூடுதலாக இறங்கும், டிவி முன்னால் வந்து உட்காருவார். ‘வேலைக்குப் போற நேரத்துல மட்டும் முடியலையா?’ என்று வீட்டில் கேட்பது இதைப் பார்த்துத்தான். எத்தனை மணிக்கு விழிக்கிறார், காலைக்கும் மாலைக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு வாரம் குறித்துக்கொண்டு வாருங்கள். அந்த ஒரு தாள் தலை ஸ்கேனைவிட உபயோகமானது.

‘உனக்கென்ன குறை?’

கேட்காதீர்கள். விடியற்காலையிலிருந்து அவர் அதைத்தான் தன்னிடமே கேட்டுக்கொண்டிருக்கிறார்.

டாக்டரிடம் பாதிக் கதை சொல்வது

முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல் நாலைந்து நாள் சுறுசுறுப்பாகத் திரிந்தாரா? நிறுத்தாமல் பேசினாரா? கண்டபடி செலவு செய்தாரா? ‘அது பழைய கதை’ என்று மறைத்துவிடுகிறார்கள். அப்படி ஒரு கட்டம் இருந்திருந்தால் இது இருதுருவ மனநோயாக இருக்கலாம். அதற்கு மனச்சோர்வு மாத்திரையை மட்டும் தனியாகக் கொடுத்தால் ஆள் எதிர்த் துருவத்துக்குத் தாவிவிடக்கூடும். குடியையும் மறைக்க வேண்டாம், வேறு மருந்துகளையும் மறைக்க வேண்டாம்.

நல்லாயிட்டாரே, இன்னும் எதற்கு மாத்திரை?

இந்த இடத்தில் கொஞ்சம் கோபத்தோடுதான் எழுதுகிறோம். இத்தனை செலவும் இத்தனை பாடும் பட்ட பிறகு, பெரும்பாலான வீடுகளில் சிகிச்சை கவிழ்வது இங்கேதான்.

சீட்டில் வழக்கமாக இரண்டு மாத்திரை இருக்கும். ஒன்று மனச்சோர்வுக்கானது: எஸ்சிட்டலோப்ராம் 10 மில்லிகிராம், செர்ட்ராலின் 50, ஃப்ளூஆக்சிடின் 20 போல ஒன்று. சிலருக்கு முதல் வாரம் பாதி அளவில் தொடங்குவார்கள். இன்னொன்று குளோனசெபாம் 0.25 அல்லது 0.5 போன்ற சின்ன மாத்திரை. தொடக்கத்தில் படபடப்பும் தூக்கமின்மையும் தணிவதற்காக இரண்டிலிருந்து நான்கு வாரத்துக்கு மட்டும் கொடுப்பது.

முதல் மாத்திரையின் பலன் தெரியவே 2 முதல் 4 வாரம் ஆகும். முழுப் பலனுக்கு 6 முதல் 8 வாரம். ஆனால் குமட்டல், வயிற்றுக் கலக்கல், தலைவலி, ஒருவிதப் பரபரப்பு ஆகியவை முதல் நாளே வந்துவிடும். பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடுபவை அவை. சின்ன மாத்திரையோ அன்றிரவே தூங்க வைத்துவிடும். வீட்டார் கண்ணுக்கு எது வேலை செய்கிற மாத்திரை, எது உபத்திரவம் என்பது அந்த முதல் வாரத்திலேயே தீர்ப்பாகிவிடுகிறது.

மூன்றாவது மாதம் பார்த்தால், நிறுத்தியிருக்க வேண்டிய சின்ன மாத்திரையைப் பழைய சீட்டைக் காட்டி வாங்கிப் போட்டுக்கொண்டிருப்பார். தொடர வேண்டிய பெரிய மாத்திரையை ‘சூடு, கிட்னி போயிடும், அடிமையாயிடுவான்’ என்று நிறுத்தியிருப்பார்கள். பழக்கமாகக்கூடியது அந்தச் சின்னது. பெரியது அப்படியல்ல. தலைகீழ்!

ஏன் தொடர வேண்டும்? அறிகுறி மறைவது வேறு, நோய்க்கட்டம் முடிவது வேறு. வலி நின்றுவிட்டது என்று புத்தூர்க் கட்டை எட்டாம் நாளே யாரும் அவிழ்ப்பதில்லை. முதல் தடவை வந்தவருக்கு 6 முதல் 9 மாதம் அதே அளவில் மாத்திரை தொடர வேண்டும். இந்தக் கணக்கு மாத்திரை ஆரம்பித்த தேதியிலிருந்து அல்ல, நன்றாகிவிட்ட நாளிலிருந்து. பலமுறை வந்தவருக்கு 2 ஆண்டும் அதற்கு மேலும் ஆகலாம். ஒருமுறை வந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மறுபடி வருகிறது. ஒவ்வொரு தடவை வந்துபோகும்போதும் அடுத்தது வரும் வாய்ப்பு கூடுகிறது.

நிறுத்தியவுடனே நோய் திரும்பினால் எல்லோருக்கும் உறைத்திருக்கும். அது வாரங்கள், மாதங்கள் கழித்தே வரும். அதனால் நிறுத்தியதோடு யாரும் அதை முடிச்சுப் போடுவதில்லை. ‘மாத்திரை இல்லாமயே மூணு மாசம் நல்லாத்தானே இருந்தான், யார் கண்ணு பட்டுதோ’ என்று அதே வரிசையில் மறுபடி வந்து நிற்பார்கள்.

ஒரேயடியாக நிறுத்தும்போது சில நாளிலேயே வருவது வேறு சங்கதி. தலைசுற்றல், தலைக்குள் ஷாக் அடித்தது போல ஒரு சுளீர், கெட்ட கனவு, எரிச்சல். பராக்சிடின், வென்லாஃபாக்சின் என்ற மனச்சோர்வு மாத்திரைகளில் இது அதிகம். ஃப்ளூஆக்சிடின் உடம்பைவிட்டு மெதுவாகப் போவதால் அதில் குறைவு. இதை ‘பாத்தீங்களா, அடிமையாயிட்டான்’ என்று எடுத்துக்கொள்கிறார்கள். அடிமை என்றால் ஏங்கும், அளவைக் கூட்டச் சொல்லும். இங்கே இரண்டும் இல்லை. நிறுத்தும் காலம் வரும்போது மருத்துவரே பல வாரங்களில் படிப்படியாக இறக்குவார். நீண்ட நாள் சாப்பிட்டிருந்தால் சின்ன மாத்திரையையும் திடீரென்று நிறுத்தக் கூடாது, அதற்கும் படிப்படிதான்.

ஆண்கள் ரகசியமாக நிறுத்துவதற்குப் பெரிய காரணம் ஒன்று உண்டு, யாரும் வாய் திறப்பதில்லை. தாம்பத்தியத்தில் நாட்டம் குறைவது, உச்சம் தாமதமாவது. அளவைக் குறைக்கலாம், மிர்ட்டாசபின், புப்ரோபியான் போன்றவற்றுக்கு மாற்றலாம். ஆனால் சொன்னால்தானே? மனைவியை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு மருத்துவரிடம் இரண்டு நிமிடம் தனியாகச் சொன்னாலே போதும்.

வீட்டில் செய்ய வேண்டியது இவ்வளவுதான். அட்டையின் பின்னால் தொடங்கிய தேதியை எழுதுங்கள். ஏழு அறை மாத்திரைப் பெட்டியை ஞாயிற்றுக்கிழமைதோறும் நிரப்புங்கள். ஒருநாள் மறந்தால் மறுநாள் இரண்டாகக் கொடுக்காதீர்கள். பொங்கல், தீபாவளிக்கு ஊருக்குப் போவதற்கு முந்தின வாரமே அடுத்த அட்டையை வாங்கிவிடுங்கள், விட்டுப்போவது பெரும்பாலும் அப்போதுதான். அரசு மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநல மருத்துவரும் உண்டு, இந்த மருந்துகள் இலவசமாகவும் கிடைக்கும். மூட்டு வலிக்கோ பல் வலிக்கோ வேறு மருத்துவரிடம் போனால் இந்த அட்டையைக் காட்டுங்கள். ட்ரமடால் என்ற வலி மருந்து சேர்ந்தால் ஆபத்து. டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வரும் வாய்ப்பு கூடும். கிட்னியைப் பற்றிக் கவலைப்படுகிற நேரத்தில், 60 வயதுக்கு மேற்பட்டவருக்கு முதல் சில வாரங்களில் ரத்தத்தில் சோடியம் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். திடீர்க் குழப்பம், தள்ளாட்டம் வந்தால் அது ‘வயசாயிடுச்சு’ அல்ல, சோடியம் இறங்கியிருக்கலாம்.

கல்யாணம் செய்துவைத்தால் சரியாகிவிடும்

ஆகாது. அவதிப்படுகிறவர்கள் இரண்டு பேர் ஆவார்கள்.

கோயில், தர்கா, பரிகாரம்

போய் வாருங்கள். மாத்திரையையும் கொண்டுபோங்கள்.

ஒரு மாற்றத்துக்குக் கொடைக்கானல்

எழுந்து குளிக்கவே முடியாதவரை ஏழு மணி நேரம் காரில் உட்கார வைத்து, ‘சிரி, போட்டோ எடுக்கணும்’ என்பது கொடுமை. திரும்பி வரும்போது ‘இவ்வளவு செலவு பண்ணியும் என்னால சந்தோஷப்பட முடியல’ என்ற குற்ற உணர்ச்சியும் சேர்ந்துகொள்ளும். ‘நல்லா ரெஸ்ட் எடு’ என்று படுக்கையிலேயே விடுவதும் உதவாது. மனம் வந்த பிறகு செய்யலாம் என்றால் அந்த மனம் வராது. செய்யச் செய்யத்தான் அது கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும்.

அளவுதான் இங்கே சூட்சுமம். நோய்க்கு முன் அவர் செய்ததில் பத்தில் ஒரு பங்கிலிருந்து தொடங்குங்கள். முதல் வாரம் குறித்த நேரத்தில் எழுந்து வாசலில் பத்து நிமிடம் உட்காருவது மட்டும். அடுத்த வாரம் தெருமுனை வரை நடை. அதற்கடுத்து வெங்காயம் உரிப்பதோ, கீரை ஆய்வதோ, செடிக்குத் தண்ணீர் விடுவதோ. ‘வாக்கிங் போயேன்’ என்று சொல்லாமல், ‘ஆறரைக்கு நானும் வரேன், முனை வரைக்கும் போயிட்டு வந்துடலாம்’ என்று செருப்பைப் போட்டுக்கொண்டு நில்லுங்கள். ‘சாப்பிட என்ன வேணும்?’ என்று கேட்டால் பதில் வராது, முடிவெடுப்பதே அவருக்கு மலை. ‘இட்லியா, ரசம் சாதமா?’ என்று கேளுங்கள்.

சாவைப் பற்றிக் கேட்கப் பயப்படுவது

கேட்டால் அந்த எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோம் என்று பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை. சொல்ல ஆள் கிடைத்த ஆறுதல்தான் முகத்தில் தெரியும். ‘தப்பான எண்ணம் எதுவும் வரலையே?’ என்று கேட்காதீர்கள். அந்தக் கேள்வியிலேயே ‘இல்லை’ என்ற பதில் இருக்கிறது. ‘உசிரோட இருக்க வேண்டாம்னு தோணுதா?’ என்று நேராகக் கேளுங்கள். ஆம் என்றால், எப்படி என்று யோசித்திருக்கிறாரா, எப்போது என்றும் நினைத்திருக்கிறாரா என்று கேளுங்கள். இரண்டுக்கும் பதில் இருந்தால் அவரைத் தனியாக விடாமல் அன்றே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். ‘யார்கிட்டயும் சொல்லமாட்டேன்’ என்று சத்தியம் மட்டும் செய்துகொடுக்காதீர்கள்.

அதிகக் கவனம் வேண்டிய காலம், பலர் நினைப்பதற்கு மாறாக, சிகிச்சையின் முதல் சில வாரங்கள். மனம் தேறுவதற்கு முன்பே சிலருக்கு உடம்பில் தெம்பு வந்துவிடும். 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு மாத்திரை தொடங்கும்போது இந்த எண்ணம் கூடலாம் என்ற எச்சரிக்கையும் உண்டு. வாரம் ஒருமுறையாவது மருத்துவரைப் பார்க்க வேண்டும். மாத்திரை அட்டைகள் வேறொருவர் பொறுப்பில் இருக்கட்டும், ஒரு வாரத்துக்கு மேல் கைக்கு எட்ட வேண்டாம். விவசாயக் குடும்பமானால் பூச்சிமருந்து வீட்டிலோ மோட்டார் ரூமிலோ இருக்கக் கூடாது. அந்த உந்துதல் பலருக்குச் சில மணி நேரத்தில் தணிந்துவிடுகிறது, அந்த நேரத்தில் எது கைக்கு எட்டுகிறது என்பதுதான் கேள்வி. காட்டுமன்னார்கோயில் பக்கத்துக் கிராமங்களில் பூச்சிமருந்துகளை ஊர்ப் பொதுக் கட்டடத்தில் பூட்டுப் பெட்டிகளில் வைக்கும் முறையைச் செய்துபார்த்தார்கள், பலன் தெரிந்தது. இலங்கை 1995 முதல் கொடிய பூச்சிமருந்துகளைத் தடை செய்துகொண்டே போனதில் அங்கே தற்கொலை விகிதம் பத்தே ஆண்டுகளில் பாதியானது.

முயற்சி நடந்துவிட்டால் ‘இருட்டுல தெரியாம குடிச்சிட்டார்’ என்று போலீசுக்குப் பயந்து மாற்றிச் சொல்லாதீர்கள். எது, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பது தெரியாமல் மருத்துவர் நேரத்தை இழப்பார். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 115ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன உளைச்சலில் இருந்தவராகவே கருதச் சொல்கிறது. அவரைத் தண்டிக்க அல்ல, சிகிச்சையும் மறுவாழ்வும் கொடுக்க அரசுக்குக் கடமை விதிக்கிறது.

இரவு இரண்டு மணிக்கு யாரைக் கூப்பிடுவது? 14416. டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், நாள் முழுவதும், தமிழிலேயே பேசலாம். தமிழ்நாட்டில் 104ஐயும் அழைக்கலாம். இலங்கையில் 1926. எண்ணை உங்கள் போனில் மட்டும் வைக்காமல் காலண்டரிலும் எழுதி மாட்டுங்கள், அந்த நேரத்தில் போன் யார் கையில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

ஒரே ஆள் சுமப்பது

பெரும்பாலும் அம்மா அல்லது மனைவி. வாரத்தில் ஒரு ராத்திரியாவது அவர் வேறு அறையில் தூங்கட்டும். மருத்துவரிடம் போகும்போது எப்போதும் அவரே துணைக்குப் போக வேண்டாம், தம்பியோ சித்தப்பாவோ ஒருமுறை போகட்டும். மாத்திரையை நிறுத்தச் சொல்லப்போகிறவர் பெரும்பாலும் அந்தச் சித்தப்பாதான். காரணத்தை மருத்துவர் வாயாலேயே கேட்டுவிட்டு வரட்டும்.