எடிங்டனை வில்லனாக்கும் முன்

சமூகமும் சொந்த நம்பிக்கையும் அறிவியலை எப்படித் திருப்பிவிடுகின்றன என்று பேச்சு எழுந்தால், நம் ஊரில் சந்திரசேகர் – எடிங்டன் கதை வந்துவிடும். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த 19 வயது இளைஞர், 1930-இல் இங்கிலாந்துக்குப் போகும் கப்பலில் ஒரு கணக்கைத் தொடங்குகிறார்: எரிபொருள் தீர்ந்த விண்மீன், ஒரு நிறை எல்லைக்கு மேல் இருந்தால், வெண்குள்ளன் என்ற சிறிய விண்மீனாக நிலைக்க முடியாது, சுருங்கிக்கொண்டே போகும். 1935 ஜனவரியில் லண்டன் வானியல் கழகக் கூட்டத்தில் அதைச் சொல்லி முடித்ததும், அன்றைய பெரிய வானியலாளர் எடிங்டன் எழுந்து கேலி செய்து உட்கார வைக்கிறார். நடந்ததுதான். நாம் சொல்லும் விதத்தில்தான் கோளாறு.

நம்பிக்கை என்றாலே முட்டுக்கட்டை என்று நினைப்பது முதல் தவறு. எடிங்டன், போரை ஏற்காத குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவைச் சேர்ந்தவர். முதல் உலகப் போரில் ஆயுதம் எடுக்க மறுத்தவர். ஜெர்மானியரின் ஆய்வா என்று பிரிட்டனில் பலர் முகம் சுளித்த காலத்தில், பெர்லினில் இருந்த ஐன்ஸ்டைனின் சார்பியல் கோட்பாட்டை உட்கார்ந்து படித்துப் பரப்பினார். 1918-இல் படைக்கு அழைப்பு நெருங்கியபோது, அரச வானியலாளர் டைசன் தலையிட்டு விலக்கு வாங்கித் தந்தார், அடுத்த ஆண்டு மே 29 கிரகணத்தைக் காரணம் காட்டி. சூரியன் அருகே ஒளி வளைவதை எடிங்டன் படமெடுத்த பயணம் அதுதான். சமயம் இல்லாவிட்டால் அந்தப் பயணம் இந்த மாதிரி அமைந்திருக்குமா?

எல்லாவற்றையும் நிறவெறிக் கணக்கில் எழுதுவது அடுத்தது. அதற்குப் பங்கே இல்லை என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ஜீன்ஸ், மில்ன் என்ற ஆங்கிலேய வானியலாளர்களோடும் மேடையில் மல்லுக்கு நின்றவர் எடிங்டன். விண்மீன் முடிவில்லாமல் சுருங்குவதை இயற்கை அனுமதிக்காது என்பது அவருடைய பிடிவாதம். சந்திரசேகர், எடிங்டன் இருவரின் நட்பும் முறியவில்லை.

பெரும்பாலும் விட்டுப்போவது மற்றவர்களின் மௌனம். சந்திரசேகர் தன் இயற்பியலாளர் நண்பர் ரோசன்ஃபெல்டுக்குக் கடிதம் எழுதினார். ரோசன்ஃபெல்டும், பெரிய இயற்பியலாளர்களான நீல்ஸ் போர், பாவுலியும், எல்லாருமே எடிங்டன் பக்கம் நியாயம் இல்லை என்றுதான் நினைத்தார்கள். ஊரறியச் சொல்ல மட்டும் இவர்களில் யாரும் வரவில்லை. பெரிய மனிதரோடு நமக்கு ஏன் வம்பு என்ற அந்த ஒதுங்கல்தான், என் கணக்கில், இந்தக் கதையில் சமூகம் செய்த பெரிய வேலை. சந்திரசேகர் 1939-இல் எல்லாவற்றையும் ஒரு நூலாக எழுதிவைத்துவிட்டு வேறு ஆய்வுக்குப் போய்விட்டார்.

அப்படியானால் அறிவியலும் வெறும் நம்பிக்கைதானே என்று சிலர் தாவுவார்கள். சரி, சந்திரசேகர் கணக்கிட்ட அந்த நிறை எல்லையைப் பாருங்கள்: சூரியனைப் போல் சுமார் 1.4 மடங்கு நிறை. எடிங்டன் சிரித்தபோதும் அதுதான், 1983-இல் சந்திரசேகருக்கு நோபல் வந்தபோதும் அதுதான்.