கலைக்கு நோக்கம் வேண்டுமா: வாக்குவாதத்தில் நாம் வழுக்கி விழும் இடங்கள்

கேரளத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பள்ளிக் கலைவிழா என்றால் தமிழ் நாடகத்துக்கு நடுவராக உட்கார என்னைக் கூப்பிடுவது வழக்கம். தமிழ் வாத்தியாராக (இங்கே 'மாஷ்' என்பார்கள்) இருந்து ஓய்வு பெற்றவன், வேறு வேலையும் இல்லை. கையில் ஒரு மதிப்பெண் தாள் தருவார்கள். நடிப்பு, உச்சரிப்பு, ஒப்பனை என்று கட்டங்கள் போகும். கடைசிக் கட்டம் 'கருத்து'.

சில வருடங்களுக்கு முன் ஒரு விழாவில் இரண்டு நாடகங்கள் அடுத்தடுத்து வந்தன. முதலாவதில் உடம்பெல்லாம் கேரி பேக் கட்டிக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் அரக்கன் வந்தான். பூமித்தாய் அழுதாள், மாணவர்கள் உறுதிமொழி எடுத்தார்கள். இரண்டாவதில் இரண்டு சிறுமிகள் பேருந்துக்காகக் காத்திருந்தார்கள். ஒரே குடை. ஒருத்திக்கு நாளையிலிருந்து பள்ளிக்கூடம் இல்லை, வீட்டில் நிறுத்திவிட்டார்கள். அதைத் தோழியிடம் சொல்ல வாயெடுப்பாள், குடையைக் கை மாற்றுவாள், வேறு ஏதோ பேசுவாள். கடைசி வரை சொல்லவில்லை. பேருந்து வந்துவிட்டது.

கருத்துக் கட்டத்தில் அரக்கனுக்குப் பத்துக்கு ஒன்பது போட்டேன். குடைக்கு மூன்று. அரக்கன் வேடம் போட்ட பையனின் முகம் இப்போது ஞாபகம் இல்லை. அந்தக் குடை கை மாறியது மட்டும் அப்படியே நிற்கிறது.

கலைக்கு ஒழுக்க நோக்கமோ அரசியல் நோக்கமோ வேண்டுமா என்பது எங்கள் எல்லைப் பக்கத்தில் புதிய கேள்வி இல்லை. மலையாளத்தில் கலை கலைக்காகவா, வாழ்க்கைக்காகவா என்று ஒரு தலைமுறையே சண்டை போட்டிருக்கிறது. வாசகசாலைத் திண்ணையில் இன்றைக்கும் அது ஓய்ந்தபாடில்லை. அங்கே கேட்டதையும் நானே செய்ததையும் வைத்து, எங்கே சறுக்குகிறோம் என்று எழுதிப் பார்க்கிறேன்.

நோக்கம் தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பது

நான் செய்த தவறு இதுதான். ஏதாவது பார்த்து முடித்த உடனே 'சரி, இதில் என்ன சொல்ல வர்றாங்க?' என்று கேட்கிறோம். பதில் கிடைத்ததும் எழுந்து போய்விடுகிறோம்.

இதற்கு நல்ல மருந்து தோல்பாவைக்கூத்து. பாலக்காட்டு வட்டாரத்தில் பகவதி கோயில்களுக்கு எதிரே கூத்துமாடம் என்று நீளமாக ஒரு கட்டிடம் இருக்கும். திரைக்குப் பின்னால் வரிசையாக 21 விளக்குகள். தேங்காய் மூடிகளில் எண்ணெய் ஊற்றித் திரி போட்டவை. மான் தோலிலும் ஆட்டுத் தோலிலும் வெட்டிய பாவைகள். நடத்துபவர்களைப் புலவர் என்றுதான் அழைக்கிறார்கள். மலையாளக் கோயிலில், மலையாளம் பேசும் ஊரில், அவர்கள் பாடுவது கம்பராமாயணப் பாட்டு. பாட்டைச் சொல்லி, அதற்கு உரை சொல்லி, ஒருவர் கேள்வி கேட்க மற்றவர் மறுக்க, அப்படியே இரவு போகும். சில கோயில்களில் 7 நாள், 14 நாள், 21 நாள் என்று தொடரும்.

யாருக்காக? ராமனும் ராவணனும் போர் செய்தபோது பத்ரகாளி தாரிகன் என்ற அசுரனோடு போரில் இருந்தாளாம். அந்தப் போரைப் பார்க்காமல் போன குறை தீர அவளுக்கு நடத்திக் காட்டுகிறார்கள். அவள்தான் பார்வையாளர். மனிதர்கள் வந்தால் வரட்டும். நான் போன ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு மேல் திரைக்கு முன்னால் நானும் மணலில் சுருண்டு படுத்த ஒரு நாயும்தான். நானும் கொஞ்சம் கண்ணயர்ந்துவிட்டேன்.

முழித்தபோது உள்ளே ஒரே பாட்டின் ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு இரண்டு புலவர்கள் வழக்காடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஒரு பொருள் சொல்ல, மற்றவர் 'அப்படியானால் முன்னடியில் வந்தது என்னாவது?' என்று மடக்க, இவர் ஒரு பழங்கதையை இழுத்து வர, நடுவில் ஒரு கேலி, உள்ளே ஒரு சிரிப்பு. கேட்க ஆள் இல்லை. தவறாகச் சொன்னாலும் பிடிக்க ஆள் இல்லை. திரையில் பாவைகள் பாட்டுக்கு அசையாமல் நின்றன.

இந்தக் கூத்தின் நோக்கம் என்ன என்று கேட்டால் ஒரு வரியில் சொல்லிவிடலாம்: வழிபாடு. காணிக்கை கட்டிய குடும்பத்தின் பெயரைச் சொல்லி, அவர்கள் நலத்துக்காக வேண்டுவதும் கூத்தில் உண்டு. ஆனால் வழிபாட்டுக்கு அந்த வழக்காடல் தேவையா? பாட்டை மளமளவென்று ஒப்பித்துவிட்டு விளக்கை அணைத்திருந்தாலும் காணிக்கை செல்லுபடியாகியிருக்கும். தேவைக்கு மேல் அங்கே ஒரு மிச்சம் இருந்தது. நான் தூக்கத்தை விட்டு உட்கார்ந்தது அந்த மிச்சத்துக்காக. அதிலிருந்து எதைப் பார்த்தாலும் நோக்கத்தைக் கழித்த பிறகு கையில் என்ன மிஞ்சுகிறது என்று பார்க்கப் பழகிக்கொண்டிருக்கிறேன்.

இதே கூத்தைப் பற்றி இன்னொரு சறுக்கலும் உண்டு. கோயிலுக்குள் இருந்தவரை தூய கலை, வெளியே வந்ததும் பிரசாரம் என்பார்கள். 2021இல் பத்மஸ்ரீ பெற்ற ராமச்சந்திர புலவரின் குடும்பம் கூத்தைக் கோயிலுக்கு வெளியே கொண்டுவந்தது. காந்தி கதைக்கும் பாவை செய்தார்கள். பெண்களே ஒரு குழுவாகச் சேர்ந்து பெண்களின் பிரச்சினையை ஆட்டிக் காட்டுகிறார்கள். 'விழிப்புணர்வுக்கு இறங்கிட்டாங்க' என்று முகம் சுளிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அம்மனுக்கு ஆடினாலும் விழிப்புணர்வுக்கு ஆடினாலும் அது ஒரு தேவைக்கு ஆடுவதுதான். அதில் ஒன்று உயர்ந்தது, ஒன்று மட்டம் என்று எதை வைத்துச் சொல்கிறார்கள்? பாவை பிடித்த கையைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

நோக்கம் செத்துப்போன பிறகும் ஆட்டம் நிற்பதற்கு எங்கள் பாலக்காட்டுச் சித்தூரிலேயே சாட்சி இருக்கிறது. பகவதி கோயிலில் கொங்கன்படை என்று ஒரு திருவிழா, மாசி மாதத்தில். படையெடுத்து வந்த கொங்குப் படை தோற்று ஓடிய கதை. பார்க்கிற கூட்டத்தில் பாதிப் பேர் கொங்கு நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் பேரன் பேத்திகள். தங்கள் பாட்டன் படை தோற்பதைப் பொரிகடலை தின்றுகொண்டே ரசிக்கிறார்கள். நானும்தான்.

அரசியல் நாடகம் என்றாலே மட்டம் என்று ஒதுக்குவது

'கட்சி நாடகம்தானே' என்று சொல்லிவிட்டால் பார்க்கிற சிரமம் மிச்சம். ஆனால் கேரளத்தின் கணக்கு அப்படி இல்லை. 1929இல் வி.டி. பட்டதிரிப்பாடு நம்பூதிரி வீட்டுப் பெண்கள் அடுக்களையில் அடைபட்டுக் கிடப்பதை நாடகமாக்கினார். நோக்கம் தலைப்பிலேயே இருந்தது: அடுக்களையிலிருந்து அரங்கத்துக்கு. 1952இல் கே.பி.ஏ.சி. என்ற இடதுசாரி நாடகக் குழு மேடையேற்றிய தோப்பில் பாசியின் நாடகம் இன்னும் வெளிப்படை. நீங்கள் என்னைக் கம்யூனிஸ்ட் ஆக்கினீர்கள் என்பதுதான் தலைப்பு. அடுத்த வருடம் அரசு அதற்குத் தடை போட்டது. 1957இல் கம்யூனிஸ்டுகள் ஆட்சிக்கே வந்துவிட்டார்கள். நாடகம்தான் ஆட்சியைக் கொண்டுவந்தது என்று சிலர் சொல்வது கொஞ்சம் மிகை, அது இருக்கட்டும்.

அந்த நாடகத்தில் கவிஞர் ஓ.என்.வி. எழுதி தேவராஜன் இசையமைத்த ஒரு பாட்டில் நிலா பொன் அரிவாளாகத் தெரியும். அரிவாள் எந்தக் கொடியில் இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். எழுதியவர் தெரியாமலா எழுதினார்? ஆனால் எங்கள் பக்கத்துக் கல்யாண வீட்டில் அதைப் பாடியவர் கொடியை நினைத்துப் பாடவில்லை. பாதி வளர்ந்த நிலா உண்மையிலேயே அரிவாள் மாதிரிதான் இருக்கிறது. அறுவடைக்குப் போய் வந்த கைக்கு அது அப்படித்தான் தோன்றும். அரசியலும் சரி, நிலாவும் சரி. ஒன்றைப் பிடித்து இன்னொன்றை விடத் தேவையில்லாதபடி அந்தச் சொல் விழுந்திருக்கிறது.

முற்போக்கு இலக்கிய முகாமுக்குள்ளேயே 1940களில் இந்தச் சண்டை நடந்தது. உள்ளடக்கம் சரியாக இருந்தால் போதுமா, உருவம் தேற வேண்டாமா என்று கேட்டவர் விமர்சகர் ஜோசப் முண்டசேரி. கேட்டதற்குத் திட்டும் வாங்கினார். பிறகு 1957 அமைச்சரவையில் அவரே கல்வி அமைச்சர். உருவம் பேசியவர் எல்லாம் அரசியலுக்கு எதிரி என்று நினைப்பவர்கள் இதைக் கொஞ்சம் கவனிக்கலாம்.

'கலை கலைக்காகவே' என்பதில் அரசியல் இல்லை என்று நம்புவது

இதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அந்த முழக்கமே பிரான்சில் ஒரு சண்டையில் பிறந்தது. 1835இல் கோத்தியே என்ற எழுத்தாளர், இலக்கியத்தில் ஒழுக்கம் தேடிய பத்திரிகைக்காரர்களைத் திட்டித் தன் நாவலுக்கு ஒரு முன்னுரை எழுதினார். அதுவும் ஒரு கட்சிதான். நம் பக்கம் வந்தால் கதகளி. அதில் எந்தப் பிரசாரமும் இல்லை என்பார்கள். பாடகர் கலாமண்டலம் ஹைதராலிக்குக் குரல் இருந்தது, பயிற்சி இருந்தது, பேர் இருந்தது. முஸ்லிம் என்பதால் பல கோயில்களுக்குள் பாட அனுமதி கிடைக்கவில்லை. பாடும் பதம் என்னவோ அதே பதம்தான்.

பாட்டைப் பாடியவரின் வாக்குமூலமாக எடுத்துக்கொள்வது

தமிழில் இந்தத் தவறைச் செய்து குடும்பத்தையே தொலைத்தவன் கோவலன்.

சிலப்பதிகாரத்தின் பதிகம் நூலின் நோக்கத்தை முன்கூட்டியே மூன்றாகப் பிரித்துச் சொல்லிவிடும். அரசியல் பிழைத்தவர்களுக்கு அறமே கூற்றாகும், பத்தினியை உயர்ந்தோர் போற்றுவர், ஊழ்வினை வந்தே தீரும். மேடைப் பேச்சாளர்களுக்கு இது போதும், கதைக்குள் போக மாட்டார்கள். உள்ளே போனால் கடற்கரையில் கோவலனும் மாதவியும் யாழை மாற்றி மாற்றிப் பாடிக்கொண்டிருக்கிறார்கள். சோழன் கங்கையைச் சேர்ந்தாலும் நீ ஊட மாட்டாய், காவேரி வாழி என்று இவன் பாடுகிறான். இவன் மனத்தில் வேறொருத்தி இருக்கிறாள் என்று அவள் எடுத்துக்கொள்கிறாள். யாழை வாங்கித் தானும் பாடுகிறாள். அங்கே இளங்கோ ஒரு சொல் வைக்கிறார்: 'தானுமோர் குறிப்பினள் போல்'. அவளுக்கும் மனத்தில் ஒரு குறிப்பு இருப்பது போல. அந்தப் 'போல்' கோவலன் காதில் விழவில்லை. மாயத்தாள் பாடினாள் என்று எழுந்து போய்விட்டான்.

பாட்டு பாட்டாக இருந்தது. கேட்டவர்கள் அதற்குள் ஆளைத் தேடினார்கள். இன்றைக்கு ஒரு கதையில் கெட்டவன் பேசும் வசனத்தை வெட்டி எடுத்து 'எழுத்தாளர் இப்படிச் சொல்கிறார்' என்று கொளுத்திப் போடுகிறார்களே, அவர்களும் இதைத்தான் செய்கிறார்கள். அப்புறம், இன்னொன்று. பதிகத்தின் மூன்று நோக்கத்தில் மாதவியை எதில் சேர்ப்பது? ஊழ்வினையில் வேண்டுமானால் திணிக்கலாம். வருடத்துக்கு ஒரு முறை சித்ரா பௌர்ணமிக்குக் குமுளிக்கு மேலே மங்கலதேவி மலையில் கண்ணகி கோட்டத்துக்குக் கூட்டம் ஏறுகிறது. நானும் ஏறியிருக்கிறேன். திரும்பி இறங்கும்போது உடன் வந்தவர்கள் பேசிக்கொண்டே வந்தது பாதிக்கு மேல் மாதவியைப் பற்றித்தான்.

பலனை வைத்து எடை போடுவது

சித்தூர் தாலுகா கள்ளுக்குப் பேர்போனது. கேரளத்தின் பல ஊர்க் கள்ளுக்கடைகளுக்கும் இங்கேயுள்ள தென்னந்தோப்புகளிலிருந்து விடியற்காலையில் வண்டி போகும். அப்படிப்பட்ட ஊரில் எங்கள் வாசகசாலை ஆண்டுவிழாவுக்குக் குடியின் தீமை பற்றி ஒரு நாடகம் போட்டார்கள், உள்ளூர்ப் பையன்கள்.

குடிகாரனாக நடித்தவன் கள் இறக்குகிறவரின் மகன். தள்ளாடி வந்தான், சரி, எல்லோரும் செய்வதுதான். பிறகு கீழே உட்கார்ந்து வேட்டி மடிப்பிலிருந்து சில்லறையைக் கொட்டினான். ஒவ்வொன்றாக எடுத்து இரண்டு குவியலாக வைத்தான். ஒரு குவியலைக் காட்டி, விரலால் காற்றில் எழுதினான்: மகளின் நோட்டுப் புத்தகம். இன்னொன்று கடைக்கு. சமமாக வந்தது. கொஞ்ச நேரம் பார்த்தான். நோட்டுக் குவியலிலிருந்து ஒரு காசைக் கடைக் குவியலுக்கு நகர்த்தினான். யாராவது பார்த்தார்களா என்று திரும்பினான். அதைத் திருப்பி வைத்தான். பிறகு இரண்டு காசாக நகர்த்தினான். கூட்டம் முதலில் சிரித்தது. மூன்றாவது முறை நகர்த்தியபோது சிரிப்பு நின்றுவிட்டது.

அதற்கப்புறம் மனைவி வேடம் வந்து அழுதது, டாக்டர் வேடம் வந்து ஈரல் கெடுவதை விளக்கியது, எல்லோரும் வரிசையாக நின்று 'குடியை ஒழிப்போம்' என்றார்கள். அதற்குள் பாதி நாற்காலி காலி. வாசலில் ஒரு பெரியவர் பீடி பற்றவைத்துக்கொண்டே சொன்னார்: "அந்தக் குடிகாரப் பையன் இருந்த வரைக்கும் நாடகமுங்க மாஷே. அதுக்கப்புறம் நோட்டீஸு."

அவர் நேராக எங்கே போனார் என்பதையும் சொல்ல வேண்டும். கடைக்குத்தான் போனார். கமிட்டியில் ஒருவர் இதையே பிடித்துக்கொண்டார். நாடகம் பார்த்து ஒருத்தனாவது குடியை விட்டானா? விடவில்லை என்றால் எதற்கு நாடகம்? எதிர்க்கட்சிக்காரர், கலை என்பது யாரையும் திருத்த வந்ததில்லை என்று ஆரம்பித்தார். ராத்திரி பதினொன்று வரை போனது. இரண்டு பேரும் அந்தச் சில்லறையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. ஒருவருக்கு அது பிரசாரத்துக்குப் போதாமல் போன நகைச்சுவை, மற்றவருக்கு அது ஏற்கனவே பிரசாரம்.

அந்தப் பையன் இப்போது கோயமுத்தூருக்குத் தேங்காய் லாரி ஓட்டுகிறான். போன மாதம் வேலந்தாவளம் செக்போஸ்ட் பக்கத்து டீக்கடையில் பார்த்தேன். இந்த வருட ஆண்டுவிழாவுக்கும் அதே நாடகமாம்.

"நீதானே நடிக்கிறாய்?"

"ஆமா மாஷே. ஆனா நேரம் பத்தலைன்னு அந்தக் காசு எண்ற சீனை எடுத்துடச் சொல்றாங்க."

"நீ என்ன சொன்னாய்?"

டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டு லாரிச் சாவியை எடுத்தான். "டாக்டர் சீனைச் சுருக்கச் சொல்லிப் பாருங்க மாஷே, நீங்க சொன்னா கேப்பாங்க."