வீட்டு விலை, பணவீக்கம், வளர்ச்சி: ஆய்வில் சறுக்கும் இடங்கள்

வீட்டு விலை 20 சதவீதம் ஏறியிருக்கிறது, பணவீக்கம் அதில் பாதிகூட இல்லை, ஆகவே அரசுக் கணக்கு பொய் என்று முடிவுகட்டும் கட்டுரைகள் அடிக்கடி வருகின்றன. மக்கள் வாங்கும் பொருள், சேவைகளின் விலையைத் தொகுத்துப் பணவீக்கத்தை அளக்கும் நுகர்வோர் விலைக் குறியீட்டுக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காததால் வரும் வினை இது.

வீடு ஒரு சொத்து, அதில் குடியிருப்பதுதான் நுகர்வு. அதனால் பல நாடுகளின் குறியீட்டில் வீட்டின் விற்பனை விலை நேரடியாகச் சேராது. அமெரிக்காவில் 1983 முதல், சொந்த வீட்டுக்காரர் அதே வீட்டுக்கு வாடகை கொடுப்பதானால் எவ்வளவு ஆகும் என்றுதான் கணக்கிடுகிறார்கள். அதற்கு முன்பு வீட்டு விலையும் கடன் வட்டியும் குறியீட்டுக்குள்ளேயே இருந்தன. மத்திய வங்கி வட்டியை ஏற்றினால், அதனாலேயே பணவீக்க எண்ணும் ஏறும்! 1980-இன் பணவீக்கத்தையும் 2022-இன் பணவீக்கத்தையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுபவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

வாடகை மெதுவாக நகரும் என்பதையும் மறக்கக் கூடாது. ஒப்பந்தம் புதுப்பிக்கும்போதுதான் பெரும்பாலோருக்கு வாடகை மாறும். 2022 வசந்தத்தில் அமெரிக்க வீட்டு விலையின் ஓராண்டு உயர்வு சுமார் 20 சதவீதம். குறியீட்டில் குடியிருப்புச் செலவின் ஓராண்டு உயர்வோ 2023 மார்ச்சில்தான் 8.2 சதவீதம் என்ற உச்சத்தைத் தொட்டது. அதற்குள் வீட்டு விலை உயர்வு ஏறக்குறைய நின்றே போயிருந்தது. ஒரே மாதத்து எண்களை எதிரெதிரே வைத்தால் இரண்டுக்கும் தொடர்பே இல்லை என்றுகூடத் தோன்றும்.

சரி, வீட்டு விலை என்று எதை எடுக்கிறீர்கள்? சராசரி விற்பனை விலை என்றால் கவனம் தேவை. ஓர் ஆண்டில் சின்ன வீடுகள் அதிகம் விற்று, அடுத்த ஆண்டு பெரிய வீடுகள் அதிகம் விற்றால், எந்த வீட்டின் விலையும் ஏறாமலே சராசரி ஏறிவிடும். ஒரே வீடு இரண்டு முறை விற்ற விலைகளை ஒப்பிடும் கேஸ்-ஷில்லர் போன்ற குறியீடுகள் இதற்காகவே வந்தன. பணவீக்கத்தைக் கழிக்கவும் வேண்டும்: விலைவாசி 8 சதவீதம் ஏறிய ஆண்டில் வீடு 5 சதவீதம் ஏறினால், உண்மை மதிப்பு இறங்கியிருக்கிறது.

வீட்டு விலையும் மொத்த உள்நாட்டு உற்பத்தியும் பல பத்தாண்டுகளாகச் சேர்ந்தே ஏறுவதைக் காட்டி, ஒன்றுதான் மற்றதை ஏற்றுகிறது என்று எழுதுவதும் ஆபத்து. தொடர்பே இல்லாத, இலக்கின்றி அலையும் இரண்டு எண் வரிசைகள்கூட வலுவான உறவு இருப்பதுபோல் காட்டும் என்பதைப் பொருளியல் அறிஞர்கள் கிரேஞ்சரும் நியூபோல்டும் 1974-லேயே காட்டிவிட்டார்கள். விலை, உற்பத்தி ஆகியவற்றின் நேரடி அளவுகளை விட்டுவிட்டு, அவற்றின் வளர்ச்சி விகிதங்களை எடுத்தால் இந்த மயக்கம் பெரிதும் குறையும். ஆனாலும் வட்டி, வருமானம் போன்ற மூன்றாவது காரணம் இரண்டையும் சேர்த்து நகர்த்தலாம்.

அப்புறம், வளர்ச்சி எண்கள் பின்னால் திருத்தப்படும். அன்றைய கொள்கை முடிவை ஆராய்கிறீர்கள் என்றால், அன்று கையில் இருந்த எண்ணையே எடுங்கள்.